அழகர்சாமி கூப்பிட்டபோது

அபர்டீன் பஜார், போர்ட் பிளேர்
12 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஈஸ்வரன் ஐயா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் உமா மகேஸ்வரி. இங்கே ஒரு அரசுப் பள்ளியில் ஹெட் கிளார்க். கணவர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆனால் என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன் அழகர்சாமி. 1971 யுத்தத்தில் ரயில்வே ஆட்களைப் பட்டாளத்தில் சேர்த்து ராஜஸ்தான் எல்லைக்கு அனுப்பினார்களே, அதில் போனவர். டிசம்பர் 9 அன்று விமானத் தாக்குதலில் இறந்துபோனார். எண்பது நாள் கழித்து நான் பிறந்தேன்.

உங்கள் முகவரியை ஊரிலிருந்து முத்துராஜ் சார் அனுப்பினார். ரிட்டயர்டு டிராக் இன்ஸ்பெக்டர். "மெயின்லேண்ட் முழுக்கச் சலிச்சுட்டேன்மா. கடைசில பார்த்தா ஆளு உங்க அந்தமான்லயே இருக்காரு" என்று போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தேழு வருஷமாக நாங்கள் இங்கே, ஐம்பது வருஷத்துக்கு மேலாக நீங்கள் திக்லிபூரில். நடுவில் ஒரு நாள் பஸ் பயணம்தான். உங்கள் நம்பருக்கு நாலு முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். அப்பா வேலை பார்த்த ஸ்டேஷனில், போரில் உயிர்விட்ட தொழிலாளர்களுக்கு ஓய்வுபெற்றவர்கள் சங்கம் ஒரு கல் வைக்கிறது. பதினோரு பெயர். அப்பா பெயர் இல்லை. கேட்டால் பழைய விசாரணைத் தாளைக் காட்டுகிறார்கள். 'தன் பீட்டை விட்டு விலகிச் சென்ற நிலையில் இறந்தார்.' ரோந்து போவதற்கு ஆளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று தண்டவாளத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தார்களாம், அதுதான் பீட். அப்பாவின் உடல் கிடந்தது அவருடைய பீட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர். ஓடிப்போகிற வழியில் செத்தார் என்பதைத்தான் இப்படி இங்கிதமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

உடல் கிடந்த அந்தப் பக்கத்துப் பீட் உங்களுடையது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான் என்று முத்துராஜ் சார் சொல்கிறார். செப்டம்பர் பத்துக்குள் நீங்கள் ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பெயரைச் சேர்ப்பார்கள். அம்மா சொர்ணம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. பெரிதாக எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறாள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உமா மகேஸ்வரி

---

திக்லிபூர்
27 ஜூன் 2025

உமா மகேஸ்வரி அம்மாவுக்கு ஈஸ்வரன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. எனக்குக் காது சுத்தமாகக் கேட்காது. போன் பண்ணிப் பிரயோசனமில்லை. நேரில் வந்தாலும் அதேதான், என்னோடு பேசிய யாரும் தொண்டை வற்றாமல் போனதில்லை.

அழகர்சாமி அண்ணனை நன்றாக ஞாபகமிருக்கிறது. நல்ல மனிதர். மற்றபடி அம்பத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இங்கே வந்து முதலில் மஸ்தூராகக் கூலி வேலை, அப்புறம் காடு வெட்டிப் பாக்குத் தோட்டம் போட்டது, மனைவி காலமானது என்று எவ்வளவோ நடந்துவிட்டன. நேற்றுச் சாப்பிட்டது இன்றைக்கு ஞாபகமில்லை. அந்தக் காலத்திலேயே ஆபீசர் கேட்டார், தெரிந்ததைச் சொன்னேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்வரன்

---

போர்ட் பிளேர்
8 ஜூலை 2025

ஐயா,

போர்ட் பிளேர் பெயரை மாற்றிவிட்டார்கள், இனி ஸ்ரீ விஜயபுரம் என்று எழுத வேண்டுமாம், ஆபீஸில் எழுதுகிறேன். வீட்டுக் கடிதத்துக்குக் கை வரவில்லை. ஞாபகமில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதும் எனக்கு அப்படித்தான் இருந்தது. கையெழுத்து உங்களுடையது, வார்த்தை உங்களுடையதாகத் தெரியவில்லை.

ஓடிப்போனவன் என்ற சொல் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்கிறேன். ரயில்வே காலனி முழுக்க அம்மாவுக்கு அதுதான் பெயர், ஓடிப்போனவன் பெண்டாட்டி. குழாயடியில் குடத்தை நகர்த்தி வைப்பார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகும் ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே ஒரு வீட்டில் இருந்தோம், போக வேறு இடமில்லை. ஒவ்வொரு வண்டி போகும்போதும் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் என்னை ஓட்டப்பந்தயத்தில் சேர்த்தார்கள். நான் முதலில் வந்தபோது ஒரு பெண், "அப்பன் மாதிரியே ஓடுது" என்றாள். அதற்குப் பிறகு நான் ஓடவில்லை. கல்யாணமாகி இங்கே வந்தபோது அம்மா என்னோடு வரச் சம்மதித்தது ஒரே காரணத்துக்காக. "அங்க ரயிலு கெடையாதில்ல?" என்று கேட்டாள். இல்லை என்றதும் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

முத்துராஜ் சாரிடம் ரோந்து எப்படி நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு பீட்டும் சேரும் இடத்தில் ஒரு கிலோமீட்டர் கல். அந்தப் பக்கத்து ஆளும் இந்தப் பக்கத்து ஆளும் அங்கே சந்தித்து ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். எதிராள் வரவில்லை என்றால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால், அவனைக் கண்டுபிடிக்கிற வரை அவனுடைய பீட்டில் நடந்து போக வேண்டும். இது சட்டமாம்.

அதனால் ஒரே ஒரு கேள்விதான். இதற்குக் காது வேண்டாம், ஞாபகசக்தி கூட அதிகம் வேண்டாம். அன்றைக்கு நீங்கள் கல்லுக்கு வந்தீர்களா?

உமா மகேஸ்வரி

---

திக்லிபூர்
24 ஜூலை 2025

உமா மகேஸ்வரி அம்மாவுக்கு,

வந்தேன். நேரத்துக்கு வந்தேன். அண்ணன் அங்கே இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். திரும்பி வரும்போது அவர் விழுந்து கிடந்தார். இதைத்தான் அன்றைக்கும் சொன்னேன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது.

செத்தவர் பேரைக் கல்லில் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் செத்தவருக்கு ஒன்றுமில்லை அம்மா. உயிரோடு இருக்கிறவர்கள்தான் கிடந்து அலைகிறோம். அம்மாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் ஒரு சாக்குப் பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். தோட்டத்துப் பாக்கு. அம்மா வெற்றிலை போடுவார் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

ஈஸ்வரன்

---

போர்ட் பிளேர்
12 ஆகஸ்ட் 2025

ஈஸ்வரனுக்கு,

ஐயா போட மனம் வரவில்லை.

நேற்றுச் சாப்பிட்டது ஞாபகமில்லாதவருக்கு, அம்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் என் அப்பா சொன்ன வெற்றிலை ஞாபகமிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள்.

ஒன்பதாம் தேதி நான் திக்லிபூர் வந்தேன். விடியுமுன் பஸ் ஏறி, ஜார்வா பழங்குடிகளின் காட்டுக்குள் போலீஸ் காவலோடு போகிற கான்வாயில் ஊர்ந்து, ஃபெரியில் ஏறி இறங்கி, வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. உங்கள் பாக்குப் பை என் மடியில். கேட்டில் நின்று கூப்பிட்டேன். உள்ளே ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் முதல் தடவை கூப்பிட்டதும் ரேடியோ நின்றது. இரண்டாம் தடவை கூப்பிட்டேன். மூன்றாம் தடவை என் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு ரூபா தீதிதான் ஓடி வந்தார். "பாபா கோ சுனாயி நஹி தேதா, தீதி" என்றார், பாவம். காது கேட்காதவருக்கு ரேடியோ எதற்கு என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. பையைக் கேட்டிலேயே மாட்டிவிட்டு வந்தேன். எடுத்திருப்பீர்கள்.

பன்னிரண்டு மணி நேரம் திரும்பி வரும்போது உங்கள் கடிதத்தைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் கல்லுக்கு நடந்து போனீர்கள். அப்பா உங்கள் பீட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் வந்து கிடந்தார். சுற்றிலும் மணல்காடு, நடுவில் ஒரே ஒரு தண்டவாளம். எதிரும் புதிருமாக நடந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எப்படித் தாண்டினீர்கள்? சண்டை நடந்த அவசரத்தில் அந்த ஆபீசர் இதைக் கேட்கவில்லை போலிருக்கிறது. நான் கேட்கிறேன்.

என் அப்பாவை ஓடிப்போனவர் ஆக்கியது குண்டு அல்ல, உங்கள் வாய். இனி நான் வர மாட்டேன். எழுதவும் மாட்டேன். செப்டம்பர் பத்து கடைசித் தேதி.

உமா மகேஸ்வரி

---

திக்லிபூர்
3 செப்டம்பர் 2025

அழகர்சாமி அண்ணன் மகளுக்கு,

இந்தக் கடிதத்தை ஆகஸ்ட் இருபதாம் தேதியே எழுதிவிட்டேன். தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். தினமும் தபாலாபீஸ் வரை போவேன், திரும்பி வந்துவிடுவேன். இன்றைக்குத் தேதியை மட்டும் மாற்றி எழுதி அனுப்புகிறேன்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். நீ கேட்டில் நின்று மூன்று தடவை கூப்பிட்டது கேட்டது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அசையாமல் இருந்தேன். ரூபாவிடமும் ஊரிலும் செவிடு என்றே சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குக் கைகால் ஓடாது. செவிடனை யாரும் கூப்பிட மாட்டார்கள், அதனால்.

அன்றைக்கு நான் கல்லுக்குப் போகவில்லை.

எனக்கு அப்போது இருபத்தோரு வயது. முந்தின நாள்தான் யார்டில் நின்ற வேகன் மேல் குண்டு விழுந்து, கூட இருந்த இரண்டு பேர் எரிந்து போனதைப் பார்த்தேன். மறுநாள் மத்தியானம் ரோந்து. பாதி தூரம் நடந்திருப்பேன், எங்கேயோ விமானச் சத்தம் கேட்டது. தண்டவாளத்துக்குக் கீழே சின்னப் பாலம் ஒன்று இருந்தது. அதற்கடியில் போய் முடங்கிவிட்டேன். சத்தம் போன பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. கல்லில் புத்தகம் மாற்ற வேண்டிய நேரம் தாண்டியது தெரியும். கால் வரவில்லை.

எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் இருக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கடைசியில் ஒரு 'ஹோய்' இழுப்போம். கேட்டவன் அதே ஹோய்யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வளைவில் வண்டி வருவது தெரியாது இல்லையா. பதில் வந்தால் ஆள் ஒதுங்கிவிட்டான், பத்திரமாக இருக்கிறான் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் வேலையைப் போட்டுவிட்டுத் தேடிப் போவோம்.

அண்ணன் குரல் கேட்டது. "ஈஸ்வரா… ஹோய்." முதலில் தூரத்தில். அப்புறம் பக்கத்தில். அப்புறம் என் தலைக்கு மேலே. பாலத்துக்கு மேல் அவர் நின்றபோது அவர் பூட்ஸிலிருந்து மணல் உதிர்ந்து என் பிடரியில் விழுந்தது. அங்கேயே நின்று இன்னொரு தடவை கூப்பிட்டார். "எலே ஈஸ்வரா, எங்கடா இருக்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், பயந்து ஒளிந்தவன் என்று பட்டாளம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் தாண்டிப் போகட்டும், பின்னாலேயே ஏறி ஓடி, வேறு பக்கத்திலிருந்து வந்த மாதிரிக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் யோசனை. பாலத்தின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன், இருநூறு எட்டு போயிருப்பார். இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று அசையாமல் நின்று கேட்டார். விமானம் தாழ வந்தது. அவர் என் பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தார், அதனால் குனியவில்லை. ஒரு ஹோய் கொடுத்திருந்தால் பாலத்துக்குக் கீழே இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். திட்டியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

ஆபீசர் கேட்டபோது முதல் பொய் வந்துவிட்டது. ஒரு பொய் வந்தபின் அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, மீதியை அவரே எழுதிக்கொண்டார். ஊருக்குத் திரும்பியும் தண்டவாளத்தைப் பார்த்தால் உடம்பு ஆடியது. தண்டவாளமே இல்லாத ஊர் எது என்று கேட்டேன். அந்தமான் என்றார்கள். 1973இல் கப்பல் ஏறினேன். உன் அம்மாவும் அதே காரணத்துக்குத்தான் இங்கே வந்தார் என்று நீ எழுதியிருந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இதோடு தனித் தாளில் சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். என் பேரும் பழைய நம்பரும் இருக்கின்றன. அவர் ஓடவில்லை. ஓடியவன் நான். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

ஈஸ்வரன்

---

போர்ட் பிளேர்
21 செப்டம்பர் 2025

ஈஸ்வரன் அவர்களுக்கு,

இனி எழுத மாட்டேன் என்று சொன்னேன். எழுத வேண்டியதாயிற்று.

உங்கள் கடிதம் பதினாலாம் தேதி வந்தது. மழையில் ரோடு சரிந்து ஐந்து நாள் பஸ் இல்லை. வந்த நிமிஷமே சாட்சித் தாளைப் போட்டோ எடுத்து முத்துராஜ் சாருக்கு அனுப்பினேன். கல் வெட்டி முடிந்து, ஸ்டேஷனில் நட்டாகிவிட்டதாம். பதினோரு பெயர்தான். அப்பாவுக்கு இடம் விடவில்லை. தாளை ஃபைலில் சேர்த்துக்கொள்கிறோம், பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு என்றால் என்ன என்று ஹெட் கிளார்க்கான எனக்குத் தெரியும். உங்கள் தலையணைக்கு அடியில் அது கிடந்தது பதினாலு நாள். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு உங்கள் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. நடுவில் நான் நிறுத்தினால், "படி" என்றாள். அழவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தன் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அப்பா கடைசியாக எழுதிய இன்லேண்ட் லெட்டர் அதில் இருக்கிறது. எனக்கு மனப்பாடம். ஆனால் அதில் ஒரு வரி உங்களைப் பற்றியது என்பது இத்தனை வருஷமாக எங்களுக்குத் தெரியாமல் போயிற்று, ஏனென்றால் அப்பா பெயர் எழுதவில்லை. அதை அப்படியே எழுதுகிறேன்:

'பக்கத்து பீட்டில் ஒரு சின்னப் பயல். விமானம் பறந்தால் நடுங்குகிறான், பார்க்கப் பாவமாக இருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் நான் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.'

அதனால் சட்டத்துக்காக மட்டும் அவர் உங்கள் பீட்டுக்குள் நடக்கவில்லை. நீங்கள் ஒளிந்திருப்பீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பதில் வந்திருந்தால் திட்டியிருக்கக்கூட மாட்டார். இதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்களை நோகடிக்கத்தான் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டவர் எனக்கு முறைக்குச் சித்தப்பா. அந்த வார்த்தை இந்தக் கடிதத்தில் வரவில்லை. என்றைக்காவது வருமா என்றும் தெரியவில்லை.

அம்மா கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போகட்டும், எனக்குத் தெரிஞ்சிருச்சில்ல" என்றாள். பிறகு, "அவரு குரலு எப்படி இருக்கும்னு எனக்கு மறந்து போச்சு உமா" என்றாள். அப்பா முகத்துக்கு ஒரு போட்டோ இருக்கிறது. குரலுக்கு ஒன்றும் இல்லை. அம்மா அவரோடு குடித்தனம் செய்தது ஒன்றரை வருஷம். முகத்தை வைத்துக் குரலை நினைத்துப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அது வராமலே போய்விட்டதாம். என்னிடம்கூட இத்தனை நாள் சொல்லவில்லை. நான் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

அதைக் கடைசியாகக் கேட்டவர் நீங்கள்.

அக்டோபர் இரண்டாம் தேதி லீவு. அன்றைக்குக் கிளம்பி நானும் அம்மாவும் திக்லிபூர் வருகிறோம். அவளால் அவ்வளவு நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கேட்டில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ரேடியோவை நிறுத்தாதீர்கள், நிறுத்துங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் கதவைத் திறந்து வெளியே வாருங்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டாம். அம்மா அதற்கு வரவில்லை. பாலத்துக்கு மேல் நின்று அப்பா உங்களை எப்படிக் கூப்பிட்டாரோ, அந்த ஏற்ற இறக்கத்தோடு, அந்த இழுப்போடு, அதே மாதிரி ஒரே ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்கள். ஹோய் சொல்லிப் பதில் கொடுக்க அம்மா இருக்கிறாள்.

உமா மகேஸ்வரி